செட்டியார் பொம்மையின் வயிறு

செட்டியார் பொம்மையின் வயிற்றில் பதினாறு மாத்திரை இருக்க வேண்டும். முப்பத்தொன்று இருந்தது.

ஆவுடைநாயகம் மறுபடியும் எண்ணினார். முப்பத்தொன்றேதான். குறைந்திருந்தால் எலி தின்றுவிட்டது என்று ஆறுதல் கொள்ளலாம். மாத்திரை குட்டி போட்டால் யாரிடம் போய்ச் சொல்வது?

தென்காசிப் பதிவு அலுவலகத்தில் அவர் குமாஸ்தா. ஒரு வருஷமாகக் காரணமே இல்லாமல் நெஞ்சு படபடக்கிறது. ஆபீஸைப் பூட்டிவிட்டுப் பாதி வழி வந்தவர், பூட்டினோமா என்று பார்க்கத் திரும்பி ஓடுகிறார். சோறு இறங்கவில்லை, எதிலும் மனசு ஒட்டவில்லை. கடைசியில் பாளையங்கோட்டையில் ஒரு டாக்டர் மாத்திரை கொடுத்தார்.

"தெனம் ஒண்ணு. மூணு வாரம் ஆனாத்தான் பலன் தெரியும், நடுவுல நிறுத்தப்படாது. வாய் வறளும், எந்திரிச்சா தலை சுத்தும். பயப்படாதீங்க" என்றார் டாக்டர்.

பயப்படாமல் இருக்கத் தெரிந்தால் இவர் எதற்குப் பாளையங்கோட்டைக்கு பஸ் ஏறுகிறார்?

மாத்திரை விஷயம் மனைவி இராமலட்சுமிக்குக்கூடத் தெரியாது. மகள் குருவம்மாளுக்குச் சிவகிரியில் ஒரு நல்ல இடம் கூடி வருகிற நேரம். பெண்ணின் அப்பாவுக்கு மண்டைக்கு வைத்தியம் நடக்கிறது என்று வெளியே தெரிந்தால் கல்யாணம் அதோடு சரி. அதனால் பின்கட்டு அறையில் இருந்த கொலுப் பெட்டியைத் திறந்து, செட்டியார் பொம்மையின் கூடான வயிற்றுக்குள் மாத்திரைகளைக் கொட்டி, அடியில் கந்தலை அடைத்து வைத்தார். நவராத்திரி வரை அதை யார் தொடப் போகிறார்கள்?

குற்றால சீசனை அவர் மறந்துவிட்டார். ஆடிச் சாரல் விழுந்ததும் மாப்பிள்ளைப் பையனின் அப்பா நமசிவாயம், மனைவி சங்கரம்மாளோடு அருவியில் குளிக்க வந்து இறங்கினார். இராமலட்சுமி பின்கட்டு அறையைப் பெருக்கி, அதையே அவர்களுக்குக் கொடுத்துவிட்டாள். தன் மாத்திரையை எடுக்கத் தன் வீட்டிலேயே திருடன் மாதிரி நுழைய வேண்டியதாயிற்று ஆவுடைநாயகத்துக்கு. இரண்டு நாள் காத்திருந்து உள்ளே புகுந்தபோதுதான் இந்த முப்பத்தொன்று.

அடுத்த நாள் ஒன்று எடுத்தார். அதற்கடுத்த நாள் பார்த்தால் இரண்டு குறைந்திருந்தது. ஆக, தனக்கே தெரியாமல் இன்னொன்றையும் விழுங்குகிறோம் என்று முடிவு கட்டினார். உடனே தலை சுற்றியது.

வாய் வறட்சிக்குச் செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தார். நமசிவாயமும் விருந்தாளிக்குரிய மரியாதையோடு கூடவே குடித்தார்.

"சாரல் அடிக்கிற ஊர்ல ரெண்டு ஆம்பிளையும் இப்பிடியா தண்ணி குடிப்பிய?" என்று இராமலட்சுமி மூன்றாவது குடத்தை இறக்கி வைத்தாள்.

அருவிக்குப் போனால் இன்னொரு வம்பு.

"கிறுக்குப் பிடிச்சவங்களக் கொண்டாந்து இந்தத் தண்ணியிலதான் நிறுத்துவாவளாம். தலைக்கோளாறு அத்தனையும் ஓடிருமாம்" என்றாள் சங்கரம்மாள்.

நடுங்கிப்போன ஆவுடைநாயகம் அருவியை விட்டே விலகி நின்றார். அவ்வளவு தூரம் வந்தவர் தலையை நனைக்கவில்லையே என்று யாரும் நினைத்துவிடக் கூடாதென்று உடனே ஓடிப்போய் உள்ளே நின்றார். கால் வழுக்கி, கைக்கு அகப்பட்டதைப் பிடித்தார். அகப்பட்டது நமசிவாயத்தின் இடுப்புத் துண்டு. அது சிற்றாற்றோடு போயிற்று.

அன்று மத்தியானம் நமசிவாயம் யாரோடும் பேசவில்லை. ஆவுடைநாயகத்துக்குப் படபடப்பு தாங்கவில்லை. சாப்பாடு முடிந்து நமசிவாயம் கை கழுவப் போன சமயம் இவர் அறைக்குள் பாய்ந்து பொம்மையை எடுத்தார். திரும்பினால் வாசலில் நமசிவாயம்.

"என்னவே, பொம்மையும் கையுமா நிக்கேரு?"

"வந்து... சாயம் போயிருக்கு அண்ணாச்சி. பூசலாம்னு..."

"ஆடியில எதுக்குய்யா கொலு? வையும். மொதல்ல அதைக் கீழ வையும்!" நமசிவாயத்தின் குரல் உயர்ந்தது. துண்டுக் கோபம் இன்னும் தீரவில்லை என்று ஆவுடைநாயகம் நினைத்துக்கொண்டார்.

பேச்சு அடுப்படி வரை கேட்டுவிட்டது. "சாயமா? பத்து வருசமாச் சொல்லுதேன், இப்பமாவது தோணுச்சே!" என்று இராமலட்சுமிக்கு ஒரே சந்தோஷம்.

மறுநாள் காலை கீழப்பாவூர் பெயிண்டர் வல்லிநாயகம் டப்பாக்களோடு வந்துவிட்டார். கொலுப் பெட்டி கூடத்துக்கு வந்தது. அத்தனை பொம்மை இருக்க, அவர் முதலில் செட்டியாரைத்தான் தூக்கினார்.

"வயித்துக்குள்ள என்னமோ கலகலங்குதே!"

"அதுக்குச் சாயம் வேண்டாம்!" ஆவுடைநாயகம் பாய்ந்து தலையைப் பிடித்தார்.

"செட்டியாரை நான் பூசுதேன், எனக்குப் பழக்கம் உண்டு!" நமசிவாயம் காலைப் பிடித்தார்.

"உங்களுக்கு எதுக்கு அண்ணாச்சி சிரமம்?"

"சிரமமெல்லாம் இல்லவே, விடும்!"

"நீங்க விடுங்க!"

ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். செட்டியார் இடுப்போடு இரண்டானார். கூடமெல்லாம் வெள்ளை மாத்திரைகள் உருண்டன.

காப்பியோடு வந்த குருவம்மாள் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். அவள் முகத்தைப் பார்த்ததும் ஆவுடைநாயகத்துக்கு அழுகை வந்தது. எலி மருந்து என்று சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தார். தான் பொய் சொன்னதால்தான் செட்டியார் கூடத்துக்கு வந்தார் என்பது நினைவுக்கு வந்தது.

"என் மாத்திரைதான் அண்ணாச்சி. மனசு படபடப்புக்கு. பாளையங்கோட்டை டாக்டர் குடுத்தது. என் மகளுக்கு ஒரு குறையும் கிடையாது. அவளை மட்டும் வேண்டாம்னு சொல்லிராதிய."

நமசிவாயம் கையில் இருந்த செட்டியாரின் பாதியைக் கீழே வைத்தார்.

சங்கரம்மாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடியில் போட்டாள். கடைசி மாத்திரையையும் எடுத்துக்கொண்டு நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள்.

"ஏங்க, இதுல உங்க மாத்திரை எது, சம்பந்தி மாத்திரை எது?"