கடலைக்கொல்லைக்குப் புழு வந்த கதை

ஒரு காட்டில், இரண்டு மரத்துக்கு நடுவே கட்டினாலும் நுனி தொங்குகிற நீளத்துக்கு ஒரு பெயர்ப்பலகை இருந்தது. 'வன மருத்துவம் மற்றும் நீடித்த பயிர்ப் பாதுகாப்புக்கான பயன்பாட்டு ஆய்வு நிலையம்' என்று அதில் எழுதியிருந்தது. ஒரே மூச்சில் படித்து முடித்த மிருகம் எதுவும் கிடையாது. பலகைக்குப் பின்னால் கட்டடம். அதில் இடது பக்கம் பயிருக்கு, வலது பக்கம் உடம்புக்கு.

நிலையத்தை ஒட்டி பூவாயி என்ற முயல் கடலை போட்டிருந்தாள். அவளுக்கு ஆறு குட்டிகள். மழைக்காலம் முழுக்க அந்தக் கடலையைத் தின்றுதான் ஏழு வயிறும் ஓட வேண்டும், வேறு வழியில்லை. கொல்லையைச் சுற்றி வரப்பில் ஆமணக்கு நட்டிருந்தாள். அந்துப்பூச்சி வந்தால் கடலையை விட்டுவிட்டு ஆமணக்கு இலையில் போய் முட்டையிடும். அந்த இலையைக் கிள்ளி நசுக்கிப் போட்டால் தீர்ந்தது. அதற்கு அவள் பலகை எதுவும் மாட்டவில்லை.

ஒரு நாள் பயிர்ப் பிரிவின் தலைவர் முனைவர் நாரை அவள் வளைக்கே வந்து நின்றார். அலகில் பதினாலு பக்கப் படிவம். அதைக் கீழே வைத்துவிட்டுப் பேசினார்.

"அம்மா, புழுவுக்கு ஒரு மூலிகைக் கரைசல் கண்டுபிடிச்சிருக்கோம். ரெண்டு கொல்லையில சோதனை பண்ணணும். ஒண்ணு கரடியோடது, இன்னொண்ணு உங்களோடது. கையெழுத்துப் போடுங்க."

"எங்கிட்டப் புழுவே இல்லீங்களே சார்."

"அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்."

அதிகாரி வீடு தேடி வந்து கையெழுத்துக் கேட்டால் மாட்டேன் என்று சொல்ல நம்மில் எத்தனை பேருக்கு வாய் வரும்? பூவாயிக்கும் வரவில்லை. முன்னங்காலை மையில் தோய்த்து அழுத்தி வைத்துவிட்டாள்.

குலுக்கல் நடந்தது. கரடியின் கொல்லைக்கு மருந்து விழுந்தது. பூவாயியின் கொல்லை, மருந்தே அடிக்காத ஒப்பீட்டுக் கொல்லை ஆனது.

"மருந்து அடிச்சா என்ன ஆகும்னு அங்க பாப்போம். அடிக்கலேன்னா என்ன ஆகும்னு உங்க கொல்லையில பாப்போம். உங்க பங்குதான் ரொம்ப முக்கியம்" என்றார் நாரை. முக்கியம் என்று சொன்னதும் அவளுக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது, பாவம்.

மூன்று வாரம் கழித்து நாரை பார்க்க வந்தார். கரடி தன் கொல்லைப் பக்கமே எட்டிப் பார்க்காத சோம்பேறி. மருந்து அடித்த பிறகும் அங்கே செடிக்கு இரண்டு புழு இருந்தது. மருந்தே அடிக்காத பூவாயியின் கொல்லையில் ஒரு புழுகூட இல்லை. நாரை வெலவெலத்துப் போனார்.

"என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க? புழு எங்க?"

பூவாயி ஆமணக்கைக் காட்டி விவரம் சொன்னாள். நாரை தலையில் இறக்கையால் அடித்துக்கொண்டார்.

"சார், இது நல்லாத்தானே வேலை செய்யுது? இதையே எல்லாருக்கும் சொல்லிடலாமே."

"அதுக்கு நாங்க ஆராய்ச்சித் தலைப்பு வாங்கலையேம்மா. எங்க தலைப்பு கரைசல். ரெண்டு கொல்லையும் ஒரே மாதிரி இருக்கணும். கரடி வரப்புல ஆமணக்கு இல்ல. அதனால இங்கயும் இருக்கக் கூடாது."

அன்றைக்கே ஆட்கள் வந்து ஆமணக்கை வெட்டினார்கள். வெட்டிய தழையைக் கட்டுக்கட்டாக நிலையத்துக்குத் தூக்கிப் போனார்கள். அங்கே புழு வளர்க்கத் தனி அறை இருக்கிறது. வெயில் படாமல் திரை, ஈரத் துணி, வேளை தவறாமல் இளந்தழை. அந்தக் காட்டில் மூன்று வேளையும் வயிறாரச் சாப்பிட்ட ஒரே கூட்டம் அந்தப் புழுக்கள்தான்.

பத்தாம் நாள் நாரை கூடை கூடையாக அவற்றைக் கொண்டுவந்து பூவாயியின் கொல்லையில் கொட்டினார்.

"சார், என்ன சார் கொட்டறீங்க?"

"இயற்கையா வரலைல்ல, அதான் நாமளே விடறோம். இதுக்கு முறை இருக்கும்மா. பயப்படாதீங்க."

பூவாயி ஓடிப்போய் ஒரு புழுவைப் பிடுங்கினாள். நாரை படிவத்தைப் புரட்டிக் காட்டினார். ஒன்பதாம் பக்கத்தில், பங்கேற்பாளர் புழுவின் மீது கை வைக்கக் கூடாது என்று இருந்தது. அவள் பிடுங்கிய புழுவை வாங்கி, எண்ணிக்கை குறைந்துவிடாமல் மறுபடி அதே இலையில் பத்திரமாக விட்டார்.

பிறகு பூவாயி வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பூ போனது, இலை போனது, கடைசியில் குச்சிகள் நின்றன. நாரை தினமும் வந்து எத்தனை இலை போச்சு என்று குறித்துக்கொண்டு போனார். இதைச் சொல்லும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு தாய் குலுங்கிக் குலுங்கி அழுகிறாள், அந்த மனுஷன், அதாவது அந்த நாரை, "நல்ல வித்தியாசம் தெரியுதும்மா" என்கிறார்.

விழா பிரமாதமாக நடந்தது. கரடி கொல்லையில் பாதி மிஞ்சியது, முயல் கொல்லையில் ஒன்றும் மிஞ்சவில்லை, ஆகவே கரைசல் மாபெரும் வெற்றி. நாரைக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நன்றியுரையில், "இரண்டாம் எண் கொல்லையின் ஒத்துழைப்புக்கும் நன்றி" என்றார்கள். அது யார் என்று யாரும் கேட்கவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. வளையில் ஒரு கடலை இல்லை. குட்டிகள் சுருண்டு படுத்துவிட்டன. பூவாயி நாரையிடம் போய் நின்றாள்.

"சார், புள்ளைங்க எந்திரிக்கவே மாட்டேங்குதுங்க."

"ஐயோ, அது உடம்பு சம்பந்தப்பட்டது. வலது பக்கம் போங்க."

வலது பக்கம் டாக்டர் தேவாங்கு இருந்தார். பெரிய கண்ணை உருட்டி, நிதானமாக ஒரு படிவத்தை எடுத்தார்.

"நல்ல நேரத்துல வந்தீங்க. சோர்வுக்கு ஒரு மாத்திரை சோதனை பண்றோம். பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு அதே மாதிரி இருக்கற வெத்து மாத்திரை."

"வெத்து மாத்திரையில என்னங்க டாக்டரம்மா இருக்கும்?"

"ஒண்ணும் இருக்காது. வெறும் கேழ்வரகு மாவு."

பூவாயி ஏழு வயிற்றையும் மனசுக்குள் எண்ணிப் பார்த்தாள். பிறகு, "ஒரு நாளைக்கு எத்தனைங்க?" என்று கேட்டாள்.

"ஆளுக்கு முப்பது. ஒவ்வொண்ணும் நெல்லிக்காய் அளவு இருக்கும்."

ஒரு பக்கம்கூடப் படிக்காமல் ஏழு பேருக்கும் பாதம் பதித்தாள். குலுக்கலில் ஏழு பேருக்கும் வெற்று மாத்திரையே விழுந்தது. அப்படித்தான் விழும் என்பதில் அவளுக்கு முதலிலேயே சந்தேகம் இருக்கவில்லை.

பத்தே நாளில் குட்டிகள் துள்ளி விளையாடின. அதே சோதனையில் சேர்ந்து மருந்து மாத்திரை கிடைத்த கரடிக்குப் பேதி. தேவாங்கு வந்து பார்த்து முகம் சுருங்கினார்.

"என்னம்மா, இதுங்க இப்படிக் குதிக்குது? மருந்து சாப்பிடாதவங்க தேறக் கூடாதே. அடுத்த வாரமும் இப்படியே இருந்தா ஏதாவது பண்ணித்தான் ஆகணும்."

ஏதாவது பண்ணுவது என்றால் என்னவென்று பூவாயி ஒரு முறை வரப்பில் உட்கார்ந்து பார்த்தவள். அன்று சாயங்காலம் ஆறு குட்டிகளையும் வரிசையாக உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தாள்.

"டாக்டரம்மா வர்றப்ப காதைத் தொங்கப் போட்டுப் படுத்துக்கணும். கேட்டா ரெண்டு தடவை முனகணும். அவங்க தலை மறைஞ்சதும் எந்திரிச்சு விளையாடுங்க."

அடுத்த வாரம் தேவாங்கு வந்தார். வளை நெடுக முனகல். தேவாங்கின் கண் பளபளத்தது. "அருமை, அருமை" என்று எழுதிக்கொண்டே, சோதனையை இன்னும் மூன்று வருஷத்துக்கு நீட்டிக்கப் பரிந்துரை செய்துவிட்டுப் போனார்.

நீதி: ஆராய்ச்சி நிலையத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர் நன்றாக இருக்கலாம், நன்றாக இருப்பது மட்டும் நிலையத்துக்காரர்களுக்குத் தெரியக் கூடாது.