தண்ணீர்த் தொட்டியும் ஓய்வுநாளும்

சாட்சி சொல்லிக் கெட்டவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கோர்ட்டில் இல்லை ஐயா, சபையில்.

எங்கள் சபையில் பிரசங்கம் முடிந்ததும் சாட்சி நேரம் உண்டு. யார் வேண்டுமானாலும் எழுந்து கர்த்தர் செய்த நன்மையைச் சொல்லலாம். முட்டிவலி போனது, மகளுக்கு வரன் வந்தது, தொலைந்த வண்டிச் சாவி கிடைத்தது என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். நான் எழுந்ததே இல்லை. அன்றைக்கு எழுந்தேன். எழுந்த காலை அப்போதே யாராவது உடைத்துப் போட்டிருக்கலாம்.

காரணம், எங்கள் மொட்டைமாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி. அன்று காலை சபைக்குக் கிளம்பும்போதே என் மனைவி ஹெப்சிபா ஆரம்பித்துவிட்டாள்.

"என்னங்க, குழாயைத் திறந்தா தண்ணியோட புழு வருது. அடுத்த ஞாயிறு தொட்டியில இறங்கிக் கழுவிடுங்க."

"ஆள் வெச்சுக்கலாமே ஹெப்சி."

"போன தடவை ஆள் வெச்சு என்ன ஆச்சு? மேல மட்டும் தொடைச்சிட்டுப் போயிட்டான். நீங்களே இறங்குங்க."

"இறங்கிடுவேன். இந்த வயித்தை வெச்சுக்கிட்டு வெளியே வரணுமே?"

"வரலேன்னா சாப்பாடு உள்ளயே அனுப்பறேன்."

பாருங்கள், இவள் பேச்சை. வாரத்தில் ஆறு நாள் நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் போல்ட்டு நட்டு அளந்து சாகிறேன். ஏழாவது நாள் என் நாள். மட்டன் குழம்பு, அதன்மேல் ஒரு தூக்கம், தூக்கத்தின்மேல் ஒரு டீ. மண்ணூர்பேட்டையில் இதைவிடப் பெரிய சொத்து எனக்குக் கிடையாது. அதில் போய்த் தொட்டியைக் கவிழ்த்தால்?

அன்றைக்கென்று பார்த்து பாஸ்டர் ஐயா ஓய்வுநாளைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். "ஞாயிற்றுக்கிழமைகூட ஓடிக்கொண்டிருக்கிறோமே பிரியமானவர்களே, எங்கே போய்ச் சேரப்போகிறோம்?" என்று கேட்டார். என் தொட்டியை நேரில் பார்த்துவிட்டு வந்து பேசியதுபோல் இருந்தது. துள்ளி எழுந்தேன்.

"இனிமேல் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலையும் நடக்காது! கர்த்தருக்குள் ஓய்ந்திருப்போம்!"

சபையே அல்லேலூயா என்றது. பெண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். ஹெப்சி கைதட்டிக்கொண்டிருந்தாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அந்தக் கைதட்டலிலேயே எனக்கு அது புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஹெப்சி கேட்டாள்.

"நல்ல சாட்சிங்க. அப்ப தொட்டி?"

"அது வேலையாச்சே. ஓய்வுநாள் கட்டளையை மீற முடியுமா?"

"மட்டன் குழம்பு?"

இந்தக் கேள்விக்கு வழியிலேயே பதில் தயார் செய்து வைத்திருந்தேன்.

"கட்டளையில யார் யாருக்கு ஓய்வுன்னு தெளிவா போட்டிருக்கு ஹெப்சி. நீ, உன் மகன், உன் மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, உன் வாசல்ல இருக்கிற அந்நியன். மனைவின்னு எங்கேயாவது வருதா?"

"வரலை."

"அப்ப உன்னைத் தடுக்க யாருமில்லை! முழுச் சுதந்திரம்!"

"நான் என்ன வேணா செய்யலாமா?"

"என்ன வேணாலும்!"

"அப்ப நான் தூங்கறேன்."

அதோடு விட்டாளா?

"வனாந்தரத்துல வானத்திலேர்ந்து விழுந்த மன்னா அப்பத்தை எப்பங்க ரெண்டு மடங்கு சேர்த்தாங்க?"

"ஆறாம் நாள்."

"ஏழாம் நாள் வேலையையும் சேர்த்து ஆறாம் நாளே முடிச்சாதான் ஓய்வு. உங்களுக்குச் சனிக்கிழமை மத்தியானமே கம்பெனி விட்டுடுது. நான் வேலப்பன்சாவடி காலேஜ் ஆபீஸ்ல கணக்கு முடிச்சு பஸ் பிடிச்சு வர இருட்டிடுது. சாட்சி சொன்னவர்தான் ஆயத்தம் பண்ணணும்."

அந்தச் சனிக்கிழமையை நினைத்தால் இன்றைக்கும் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. துணி துவைத்தேன். இஸ்திரி போட்டேன். மாவு அரைத்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு சாம்பார் வைத்தேன். அது சாம்பார்தான் என்று நான் சொன்னால்தான் தெரியும். கடைசியில் தொட்டிக்குள்ளும் இறங்கினேன். ஏழாம் நாள் வேலையில் தொட்டியும் சேர்த்தியாம்.

பக்கத்து மாடியில் துணி எடுக்க வந்த ரைஹானா எட்டிப் பார்த்தாள்.

"இன்னாண்ணே, தொட்டிக்குள்ள இன்னா பண்ணிகினு கீறீங்க?"

"நாளைக்கு எங்களுக்கு ஓய்வுநாள்மா. அதுக்கு ஆயத்தம்."

"அல்லாவே! ஓய்வெடுக்கவா இந்தப் பாடு?"

பிறகு அவள் புருஷன் ஃபஹீம் ஓடிவந்து இரண்டு கையையும் பிடித்து இழுத்தான். பிரசவத்தில் பிள்ளை வருவதுபோல் வெளியே வந்தேன்.

சரி, பட்டது போதும், நாளைக்காவது நிம்மதி என்று நினைத்தேன். ஞாயிறு மதியம் சபை முடிந்து வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்தேன். ஆறிப்போன சோறு. நேற்றைய என் சாம்பார்.

"கொஞ்சம் சூடாவது பண்ணேன் ஹெப்சி."

"அடுப்பு பத்த வைக்கிறது வேலைங்க."

"போன்ல ஆர்டர் பண்ணிடறேன். யாருக்கும் வேலையில்லை."

"வெயில்ல வண்டி ஓட்டிக்கிட்டு வந்து நம்ம வாசல்ல நிக்கிற பையன் யாரு? அந்நியன். நீங்க சொன்ன பட்டியல்லயே இருக்கான்."

சொல்லிவிட்டு என் போனை வாங்கி அரிசி டிரம்மில் போட்டு மூடினாள். பட்டியல் போட்டவனையே அந்தப் பட்டியல் பட்டினி போட்டது.

அப்போதுதான் வந்தது வாசனை. ரைஹானா வீட்டுப் பிரியாணி. கையில் டப்பாவோடு அவளே எங்கள் வாசற்படியில் நின்றாள். கர்த்தர் பசித்த தீர்க்கதரிசியைக் காகத்தைக்கொண்டு போஷித்தவர் அல்லவா, ரைஹானாவை அனுப்பிவிட்டார் என்று எழுந்து ஓடினேன். அவள் என் முகத்தைப் பார்த்ததும் சட்டென்று டப்பாவை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"மன்னிச்சுக்கங்கண்ணே! ஹெப்சிக்கா நேத்தே சொன்னாங்க, இன்னிக்கு நீங்க சூடா எதையும் தொடமாட்டீங்கன்னு. பழக்க தோஷத்துல கொண்டாந்துட்டேன். உங்க நோன்பைக் கெடுத்த பாவம் எனக்கு வேணாம்."

"அது நோன்பு இல்லம்மா..."

"பெரிய மனசுண்ணே உங்களுக்கு," என்று கண் கலங்கப் போய்விட்டாள். பிரியாணியும் அவளோடு போய்விட்டது.

சாம்பாரை விழுங்கிவிட்டுக் கூடத்தில் படுத்தேன். தூக்கம் வரவில்லை. என்னவோ குறைந்தது. என்னவென்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது. சத்தம். குக்கர் விசில் இல்லை. பாத்திரம் உருளவில்லை. துணி அலசும் சத்தம் இல்லை. இத்தனை வருஷமாக அந்தச் சத்தத்தின் தாலாட்டில்தான் நான் தூங்கியிருக்கிறேன்.

எழுந்து போய் அறையை எட்டிப் பார்த்தேன். ஹெப்சி தூங்கிக்கொண்டிருந்தாள். ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்க, வாய் லேசாகத் திறந்து, எங்கள் எழில் குழந்தையாக இருந்தபோது தூங்கிய மாதிரி. மகளே விடுதியில் தங்கிக் காலேஜ் படிக்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டாள். அவள் அம்மா பகலில் தூங்கி நான் பார்ப்பது இதுதான் முதல்முறை. அவளும் வாரம் ஆறு நாள் வேலைக்குப் போகிறவள்தானே? என் ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாம் இவள் என்ன செய்துகொண்டிருந்தாள்? எனக்கு எப்படித் தெரியும்? நான்தான் தூங்கிக்கொண்டிருந்தேனே.

வெட்கமாக இருந்தது. அத்தனை மட்டன் குழம்பும் ஒரே நேரத்தில் தொண்டைக்கு வந்த மாதிரி இருந்தது. மின்விசிறியை ஒரு புள்ளி கூட்டி வைத்துவிட்டு, கதவருகிலேயே உட்கார்ந்துவிட்டேன். தெருவில் ஐஸ் வண்டிக்காரன் மணியடித்தபோது ஓடிப்போய் அவனை அடுத்த தெருவுக்கு அனுப்பினேன். அவள் எழுந்திருக்கக் கூடாது என்று இருந்தது.

சாயங்காலம் முகம் தெளிந்து எழுந்து வந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஹெப்சி, ஒரு உண்மையைச் சொல்லணும். தொட்டிக்குப் பயந்துதான் நான் சாட்சி சொன்னேன். ஓய்வாவது ஒண்ணாவது. உன்னைச் சமைக்க விட்டுட்டு நான் தூங்கணும்னு பார்த்தேன்."

"ம்."

"இப்ப மனசார சொல்றேன். இனிமே ஞாயித்துக்கிழமை உன்னோடது. ஆயுசு பூரா. சனிக்கிழமை வேலை எல்லாம் நான் பார்த்துக்கறேன். யாரும் கட்டாயப்படுத்தலை, நானா கொடுக்கறேன்."

ஹெப்சி என்னையே பார்த்தாள். அவள் கண் நிறைந்தது. "நிஜமாவாங்க?" என்றாள்.

"நிஜமா."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் இவ்வளவு உயரமாக நின்றதில்லை. அவள் என் தோளில் சாய்ந்துகொண்டு பெருமூச்சு விட்டாள்.

"அப்பாடா, நீங்க ஒத்துக்கணுமேன்னு காலையிலேர்ந்து பயந்துகிட்டே இருந்தேங்க. அடுத்த சனிக்கிழமையிலேர்ந்து சபை ஆம்பளைங்க எல்லாருக்கும் நம்ம வீட்டுல நீங்கதான் சமையல் சொல்லித்தரப் போறீங்கன்னு பெண்கள் கூட்டத்துல சொல்லிட்டேன்; பாஸ்டர் ஐயாவைப் பாஸ்டரம்மாவே கையில அரிவாள்மனையோட அனுப்பறாங்களாம்."