பத்துக்குப் பத்து

ஓய்வுபெற்ற நான்காம் மாதம் ஒரு மாபெரும் முடிவெடுத்தேன். இனி என் வீட்டில் 'நைஸ்' என்ற சொல்லைக் கண்ட இடத்தில் போடக்கூடாது.

என் மனைவி மேவிஸுக்கு எல்லாமே நைஸ். மீன் நைஸ். மீன்காரர் நைஸ். எங்கள் கடலோர ஊரான விட்பியில் ஒன்பது நாள் விடாமல் பெய்த மழையும் நைஸ். போன வாரம் பக்கத்து வீட்டுக்காரரின் சவ அடக்கத்துக்குப் போய்வந்தும் அதையே சொன்னாள். முப்பத்தெட்டு வருஷம் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தவனின் காது என்ன பாடுபடும்?

"அடக்கத்துல என்ன நைஸ்?" என்றேன்.

"அங்க குடுத்த சாண்ட்விச்," என்றாள்.

பத்து வாக்கியம் எழுதித் தரச் சொன்னேன். உண்மையாகவே மனதுக்கு இதமான ஒன்றைச் சொல்லும்போது மட்டும்தான் அந்தச் சொல் வரவேண்டும். சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ, திருத்தித் தருவாயா என்று மட்டும் கேட்டாள்.

எங்களுக்குள் அப்போது வேறொரு தகராறு இருந்தது. அவளுடைய அக்கா ஹில்டா, குளிர்காலத்தில் கணவரை இழந்து, ஹல் நகரத்தில் தனியாக இருந்தாள். பின்னறையில் அவளை வைத்துக்கொள்ளலாம் என்று மேவிஸ் மூன்று முறை கேட்டிருந்தாள். அங்கே என் பழைய மாணவர்களின் நோட்டுகள் இருக்கின்றன என்று மூன்று முறையும் சொல்லியிருந்தேன். ஞாயிறுதோறும் அக்காவிடம் பேசிவிட்டுத் தொலைபேசியை வைத்தபின், கெட்டில் கொதித்து அடங்கும்வரை அதையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

மறுநாள் தேநீரோடு தாளும் வந்தது. நான்கு மாதமாக மூடிக் கிடந்த சிவப்புப் பேனாவைத் திறந்தேன். 'பின்னறையில் விழும் காலை வெயில் நைஸ்.' சரி. 'அங்கே ஒரு கட்டில் போட்டால் நைஸ்.' சரி. 'சனிக்கிழமை பஸ்ஸில் ஹில்டா வந்து, இங்கேயே தங்கிவிடுவது நைஸ்.' காற்புள்ளிகூடச் சரியான இடத்தில். சரி. பத்துக்குப் பத்து. கீழே, வழக்கம்போல, 'முற்றிலும் சரி' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

"ஒரு தப்பும் இல்லையா, வில்ஃப்ரெட்?"

"ஒன்னுகூட இல்ல."

சனிக்கிழமை ஹில்டா இரண்டு பெட்டிகளோடு வந்து இறங்கினாள். என் நோட்டுகள் அதற்கு முன்பே கார் ஷெட்டுக்குப் போயிருந்தன.

"நான் வாக்கியத்தைத்தான் சரின்னேன், மேவிஸ்."

அவள் ஃப்ரிட்ஜ் கதவைக் காட்டினாள். என் கையெழுத்தோடு அந்தத் தாள் ஒட்டியிருந்தது.

"ஏன், படிக்காமயா கையெழுத்துப் போட்ட?"

ஒருமுறை என் வகுப்பில் ஒரு சிறுமி, 'என் அம்மா இன்னும் திரும்பி வரவில்லை' என்று எழுதியிருந்தாள். நான் அதற்கொரு முற்றுப்புள்ளி வைத்துக் கொடுத்தேன். அந்த நோட்டும் இப்போது கார் ஷெட்டில்தான் இருக்கிறது.

பின்னறை ஜன்னலோரம் உட்கார்ந்து ஹில்டா தேநீரை ஒரு வாய் குடித்தாள். கடலைப் பார்த்தாள். "நைஸ்," என்றாள். ஞாயிறு தவிர வேறு நாளில் யாரிடமும் பேசிப் பழகாத குரல்.

சரியான இடம்தான். திருத்த ஒன்றுமில்லை. இருந்தாலும் பழக்கத்தில் கை சட்டைப்பைக்குப் போனது. பேனாவைக் காணோம்.

ஹில்டாவின் குறுக்கெழுத்துப் புதிருக்கு மேவிஸ் அதைக் கொடுத்திருந்தாள்.