வெர்ப் எங்கே என்று கேட்டார் மாமனார்

எனக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுத்தவர்கள் யாரும் என்னை உட்காரவைத்துக் கற்றுக்கொடுத்ததில்லை. நிற்கவைத்து, ஓடவைத்து, பெரும்பாலும் துரத்திக்கொண்டேதான் கற்றுக்கொடுத்தார்கள். ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு லாரியில் கிளீனராக ஏறினேன். நாக்பூரில் ஒரு கிடங்கு வாசலில் 'கெட் டவுன்' கற்றேன். கோவாவில் ஓட்டலில் பாத்திரம் கழுவும்போது 'ஹரி அப்', 'கிளீன் அப்', சீசன் முடிந்ததும் 'கெட் அவுட்'. பெங்களூரில் சாரத்திலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டு கிடந்தபோது ஆஸ்பத்திரியில் 'லை டவுன்', 'சிட் அப்'. (அந்த நர்ஸம்மா ஒருத்திதான் அன்பாகச் சொன்னது.)

இப்படிப் பொறுக்கிச் சேர்த்ததை வைத்து ஒரு முடிவுக்கு வந்தேன். ஆங்கிலத்தில் முன்னால் வருகிற சொல் சும்மா. கெட், புட், கோ, டேக் என்று ஏதாவது ஒன்று வந்து நிற்கும். பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிற அப், டவுன், இன், அவுட், ஆன், ஆஃப்தான் சரக்கு. எங்கள் ஊர் நெய்வேலிக்காரர்களுக்கு இது எனக்கு முன்பே தெரிந்திருந்தது. டவுன்ஷிப்பில் விளக்கை ஆஃப் பண்ணுவோம், மோட்டாரை ஆன் பண்ணுவோம், பிபி ஏறினால் அப்பு, வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவன் அவுட்டு. எல்லா மாவட்டத்து ஆளும் அடுத்தடுத்த குவார்ட்டர்ஸில் குடியிருக்கும் ஊர். ஒருவர் பேச்சு இன்னொருவருக்குப் பிடிபடாதபோது இந்தக் குட்டிச் சொற்கள்தான் எல்லோருக்கும் பொது. ஆங்கிலத்தின் தலையை வெட்டிப் போட்டுவிட்டு வாலை மட்டும் வைத்துக்கொண்டோம். தலைக்குப் பதிலாக நம்முடைய 'பண்ணு'. (வேலை நடக்கிறதா, இல்லையா?)

இந்தக் கொள்கையை ஆங்கில டியூஷன் வாத்தியார் ஒருவரிடம் நான் விளக்கியிருக்கக் கூடாது என்று இன்றும் சொல்கிறார்கள். அதுவும் அவர் மகளைக் கேட்டிருந்த நேரத்தில்.

அவள் பெயர் கவிதா. என் அக்கா வீட்டுக்குப் பக்கத்து பிளாக். மருந்துக் கடையில் வேலை. கால்வலிக்கு மாத்திரை வாங்கப் போய்ப் பழக்கமானது. கால் சரியான பிறகும் நான் மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தேன். எனக்குச் சொந்த வீடு கிடையாது, பெர்மனென்ட் வேலை கிடையாது. காண்ட்ராக்டில் பளு தூக்கும் கேங்கில் இருந்தேன். அவள் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட்டாள்: "எங்க அப்பா சரின்னா சரி. அவர் வேணாம்னா நான் அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசமாட்டேன்."

அவள் அப்பா வினைச்சொல்லுக்குப் பின்னால் எந்தக் குட்டிச் சொல் வரும் என்பதற்காகவே உயிர் வாழ்பவர். 'லுக் ஆஃப்டர் வேற, லுக் ஃபார் வேற, லுக் அட் வேற' என்று அவர் டியூஷனில் கத்துவது பேருந்து நிறுத்தம் வரை கேட்கும். 'ஞாயித்துக்கிழமை பையனை நேர்ல வந்து பாக்குறேன்' என்று சொல்லி அனுப்பியிருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அக்கா வீடு மாற்றிக்கொண்டிருந்தாள்.

அக்கா வீட்டுக்காரருக்குப் புது குவார்ட்டர்ஸ் இரண்டாவது மாடியில். மாடிப்படித் திருப்பத்தில் பீரோ மாட்டிக்கொண்டது. எங்கள் கேங்கையே கூப்பிட்டேன். மேஸ்திரி வேலாயுதம், கம்மாபுரத்துக்காரர். அவரும் ஆட்களும் மொட்டை மாடியில் நின்று கயிறு இழுக்க, நான் கீழே நின்று குரல் கொடுத்தேன். இந்த வேலையில் ஒரு சட்டம் உண்டு. மேலே இழுப்பவனுக்குச் சாமான் தெரியாது. அதனால் கீழே நிற்பவன் ஒருவன் குரல்தான் குரல். அவன் 'அப்பு' என்றால் ஏறும், 'டவுனு' என்றால் இறங்கும், அவன் வாய் மூடினால் கயிறு அங்கேயே நிற்கும். வேறு யார் தொண்டை கிழியக் கத்தினாலும் ஒருவன்கூட அசைய மாட்டான்.

"அப்பு... அப்பு... அப்பேய்..."

பீரோ முதல் மாடியைத் தாண்டியபோது ஸ்கூட்டி வந்து நின்றது. கவிதா ஓட்டிவந்திருந்தாள். பின்னாலிருந்து இறங்கிய அவள் அப்பா, டியூஷன் சார், வெள்ளைச் சட்டை மொடமொடக்க நேராக என் பக்கத்தில் வந்து நின்றார்.

"என்னப்பா, அப்பு அப்புன்னு கத்திக்கிட்டிருக்க?"

"பீரோ ஏத்துறோம் சார்."

"அது தெரியுது. அப்புக்கு முன்னாடி ஒரு வெர்ப் வரணுமே? புல் அப்பா, லிஃப்ட் அப்பா? வெர்ப் எங்கே?"

அவர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். பெண் கேட்டிருக்கும் எவனும் பல்லைக் காட்டிவிட்டு 'ஆமாங்க சார்' என்றிருப்பான். நான் முழுதாக அவர் பக்கம் திரும்பினேன்.

"வெர்ப் மேல இருக்குது சார். கயித்தப் புடிச்சிக்கினு நிக்கிறானுங்களே, அவனுங்க கையில. கையில இருக்கிறத எதுக்கு சார் வாயால வேற சொல்லணும்?"

"அப்ப எழுதும்போது?"

"எழுதுறவன் கையில கயிறு இல்லியே. அவன் வெர்ப் போட்டுக்கட்டும்."

சாரின் சிரிப்பு நின்றுபோனது. "இலக்கணம்னு ஒண்ணு இருக்குப்பா" என்று ஆரம்பித்தார். நான் நாக்பூரிலிருந்து ஆரம்பித்தேன். ஸ்கூட்டி பக்கத்திலிருந்து கவிதா உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். (பிரமாதம், விடாதே என்கிறாள் என்று நினைத்தேன்.)

மொட்டை மாடியிலிருந்து மேஸ்திரி அலறினார். "யோவ், வாயத் தொறயா! கையி வுட்டுப் போவுது!"

"இரு மேஸ்திரி, பேசிக்கினு இருக்கோம்ல!"

இருந்தார்கள். சட்டம் சட்டம்தான். பீரோ காற்றில் மெல்ல ஒரு சுற்று சுற்றிச் சாய்ந்தது. பூட்டாத கதவு ஒன்று ஆவென்று திறந்தது.

காலையிலேயே அக்காவிடம் கேட்டிருந்தேன், பீரோவைக் காலி பண்ணிவிட்டாயா என்று. பண்ணிவிட்டேன் என்றாள். ஆனால் புது வீட்டுக்குள் பீரோ வெறுமனே போகக் கூடாதாம். அரிசி, மஞ்சள்தூள், கல்லுப்பு மூன்றையும் உள்ளே வைத்திருக்கிறாள். மங்கலப் பொருள்கள் அவள் கணக்கில் சாமானே இல்லை.

முதலில் அரிசி வந்தது. சார் அண்ணாந்து பார்த்தார். அண்ணாந்த முகத்தில் மஞ்சள்தூள் பொட்டலம் வந்து வெடித்தது. கடைசியாக உப்பு, பொறுமையாக, மழை விடும்போது சொட்டுவது போல. நான் ஓரடி தள்ளி நின்றதால் என் மேல் ஒரு மணிகூட விழவில்லை. (அதுதான் அவருக்கு இன்றுவரை சந்தேகம்.)

மஞ்சளுக்குள்ளிருந்து இரண்டு கண்கள் திறந்தன. "கெட் அவுட்!" என்றார்.

இந்தியா முழுக்க அந்தச் சொல்லைக் கேட்டு மூட்டையைத் தூக்கியவன் நான். அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தூக்கவில்லை.

"எங்க அக்கா வூட்டு வாசல்லேர்ந்து நான் எங்க சார் அவுட்டு போறது? மொதல்ல நீங்க அந்தாண்ட நவுருங்க. பீரோ இன்னும் உங்க தலைக்கு மேலதான் தொங்குது."

நகர்ந்தார் என்று சொல்ல முடியாது, பறந்தார். நான் மேலே பார்த்து "அப்பு!" என்றேன். பீரோ வீடு போய்ச் சேர்ந்தது. அக்கா சொம்புத் தண்ணீரோடு ஓடிவந்து, "கோச்சிக்காதீங்க சார், அட்சதை மாதிரி நெனச்சிக்கங்க" என்றாள். அவ்வளவுதான், கவிதா சிரித்த சிரிப்பில் ஸ்கூட்டி ஸ்டாண்டோடு சாய்ந்தது. மகளின் வண்டியில் ஏற மாட்டேன் என்று சார் முகம்கூடக் கழுவாமல் நடந்தே போனார்.

முடிந்தது என்றுதான் நினைத்தேன். மாலையில் கவிதா போன் செய்தாள். மன்னிப்புக் கேட்கிறாயா என்றாள்.

"மஞ்சளுக்குக் கேக்கிறேன். உப்புக்கும் கேக்கிறேன். வெர்ப்புக்குக் கேக்க மாட்டேன்."

"அறிவே வராதா உனக்கு?"

"வராது."

அவள் மறுபடி சிரித்தாள். அப்புறம்தான் அப்பா வீடு வந்து சேர்ந்த கதையைச் சொன்னாள். மஞ்சள் முகமும் சட்டையில் அரிசியுமாக அவர் பிளாக்கைக் கடந்திருக்கிறார். வழியில் ஒவ்வொரு வாசலிலும் "என்ன சார், வூட்ல விசேஷமா? நலுங்கு வெச்சாச்சா?" என்று கேட்டிருக்கிறார்கள். முதல் சிலருக்கு விளக்கம் சொன்னாராம். பீரோ, கயிறு, அப்பு என்று சொல்லச் சொல்லக் கேட்டவர்கள் இன்னும் அதிகமாகச் சிரித்திருக்கிறார்கள். கடைசியில் டியூஷன் பையன்கள் கூட்டமாக எதிரே வந்து கேட்டபோது, பீரோ கதையை அவர்களிடம் சொல்வதைவிட மானம் போகாத வழி ஒன்றுதான் தோன்றியிருக்கிறது. "ஆமாண்டா, எம்பொண்ணுக்குத்தான் கல்யாணம். போய்ப் படிங்கடா!" என்று கத்தியிருக்கிறார்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. வாத்தியார் சொன்ன வார்த்தையைத் திருப்பி வாங்க முடியாது. மாப்பிள்ளை யார் என்று கேட்டால், அன்றைக்கு அவர் பார்க்க வந்த ஆள் நான் ஒருவன்தான்.

கல்யாணம் நடந்தது. அட்சதை போடும்போது மாமனார் பந்தலுக்கு வெளியே போய் நின்றார். நான் இன்னும் வெர்ப் போடுவதில்லை. அவரும் என்னைத் திருத்துவதை விடவில்லை. எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் வாசலிலேயே நின்று ஒருமுறை மேலே பார்த்துவிட்டுத்தான் காலை உள்ளே வைப்பார்.

"மேல இன்னா தாத்தா பாக்கிற?" என்று கேட்பாள் என் மகள்.

"ஒண்ணுமில்லம்மா. உங்கப்பன் வெர்ப் எதையாவது தொங்கவிட்டிருக்கானான்னு பாக்குறேன்."