மாப்பிள்ளை வருவதற்குள் கெட்டிமேளம்

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் கணினி கற்றுக்கொண்டால் ஒரே ஆபத்துதான்: கை சும்மா இருக்காது.

அஸ்தினாபுரத்தில் மைக்செட் வைத்திருக்கிறேன். கூச்ச சுபாவம். கல்யாணங்களில் ஐயர் "கெட்டிமேளம்!" என்று கத்தி, அது கூட்டத்தைத் தாண்டி என் மூலைக்கு வந்து, நான் ஒலிப்பதிவைப் போடுவதற்குள் இரண்டு முடிச்சு விழுந்துவிடும். ஐயர் கையருகே ஒரு பட்டன் வைக்கலாம் என்று, இதற்கு என் மகள் திவ்யா பைத்தான் என்ற கணினி மொழியில் வழி காட்டினாள். பெயர் கால்பேக்.

"அப்பா, மேளம் போடுற வேலைக்கு ஒரு பேர் வெச்சிருக்கீங்கல்ல? அந்தப் பேரை மட்டும் பட்டன்கிட்ட குடுத்துடுங்க. ஐயர் அமுக்கினா அதுவே கூப்ட்டுக்கும். பேருக்குப் பின்னாடி பிராக்கெட் போட்டீங்க, இப்பவே செய்யின்னு அர்த்தம்."

எனக்குத் தலைகால் புரியவில்லை! பக்கத்து வீட்டார் வந்து யாருக்குக் கல்யாணம் என்று விசாரிக்கும்வரை அமுக்கி அமுக்கிப் பார்த்தேன். படப்பையில் என் தங்கை மகள் ரம்யாவின் கல்யாணத்தில் அரங்கேற்றம். கிளம்பும் முன் கடைசியாகப் பார்த்தால், மற்ற வரிகளில் எல்லாம் அடைப்புக்குறி இருக்க, பட்டன் வரி மட்டும் மொட்டையாக நின்றது. (பாவமாக இருந்தது.) போட்டுவிட்டேன்.

மண்டபத்தில் அட்சதை கொடுத்தாகிவிட்டது. ரம்யா மணையில் இருந்தாள். மாப்பிள்ளை வேட்டி மாற்றப் போயிருந்தார். வெளிச்சம் சரிபார்க்க, கேமராவைப் போட்டுவிட்டு, அவர் இடத்தில் வீடியோக்காரர் உட்கார்ந்தார். நான் நிரலை ஓடவிட்டேன்.

மண்டபமே அதிர்ந்தது. நம் சனத்துக்குக் கெட்டிமேளம் கேட்டால் போதும், மேடையைப் பார்க்க வேண்டியதில்லை. எல்லாக் கைகளிலிருந்தும் அட்சதை பறந்தது. வீடியோக்காரர் பழக்கதோஷத்தில் சபையைக் கும்பிட்டார்.

மாப்பிள்ளை பாதி வேட்டியோடு ஓடிவந்தார். "இன்னா மாமா, தாலிய யாரு கட்னது?"

"நான் பட்டனைத் தொடவேயில்ல!" என்றார் ஐயர், இரண்டு கைகளையும் தூக்கி.

மாப்பிள்ளையின் அம்மா எழுந்தார். "சகுனமே சரியில்ல. இந்தக் கல்யாணம் வேணாம்."

என் தங்கை அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அதுவரை மைக்கைப் பிறரிடம் நீட்டியே பழகிய நான், அதை என் வாய்க்கருகே கொண்டுபோனேன். "அம்மா... சகுனம் நல்லாத்தான் இருக்கு. அப்புறம் செய்யின்னு சொல்றதுக்குப் பதிலா, இப்பவே செய்யின்னு மிஷினுக்குச் சொல்லிட்டேன். முட்டாள் நான்தான்."

ரம்யா மெதுவாகச் சொன்னாள்: "அத்தை, எனக்கு உங்க புள்ளதான் வேணும். வீடியோ அண்ணாவுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிடுச்சு."

அந்த அம்மாவே சிரித்துவிட்டார்.

அடைப்புக்குறியை அழித்தேன். சமையலறையிலிருந்து புதிதாக அரிசி வந்தது. ஐயர் பாம்பைத் தொடுவதுபோல் பட்டனைத் தொட்டார். முதல் முடிச்சும் முதல் அடியும் ஒன்றாக விழுந்தன! ஆனந்தத்தில் நான் மட்டும் கைதட்டினேன்.

மூன்று வருடமாகிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் கல்யாண வீடியோ கேட்டால், மாப்பிள்ளை இன்றும் என்னைப் பார்த்துக்கொண்டே கேட்கிறார்: "எது போடட்டும்? நான் இருக்கிறதா, இல்லாததா?"