படகைத் தேடிப் போன எல்லைக்கோடு

துப்பாக்கி வெடித்தபோது மூன்று படகுகளில் இரண்டு ஏற்கெனவே தொடக்கக் கோட்டைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தன.

"சார், கடற்படை முந்திடுச்சு. விமானப்படையும் முந்திடுச்சு," என்றாள் நடுவர் படகில் கொடிகளைக் கவனித்துக்கொண்டிருந்த கார்ப்பரல் டாட்ஸ். "நம்ம படகு மட்டும்தான் ஒழுங்கா பின்னாடி நிக்குது."

"கொஞ்சம் அதிகமாவே பின்னாடி நிக்குது," என்றார் கேப்டன் மைல்ஸ் பென்ரோஸ், தொலைநோக்கியை இறக்காமல்.

முப்படைப் பாய்மரப் படகுப் போட்டியை நடத்தும் பொறுப்பு இந்த ஆண்டும் தரைப்படைக்கு. தரைப்படையில் அது பென்ரோஸ் தலையில் விழுந்தது. லாரிகளை ஊர் விட்டு ஊர் அனுப்புவதில் அவர் புலி. படகும் ஒரு வண்டிதானே என்று மேலிடம் நினைத்தது, அவரும் நினைத்தார். ஆழம் தெரியாமல் காலை விடுவது எங்கள் தரைப்படையின் பழைய குணம். போன ஆண்டு இதை நடத்தியவரும் எங்கள் ஆள்தான். அவர் இப்போது ராணுவத்துக்கே ஒரு கும்பிடு போட்டுவிட்டு வேல்ஸில் தேனீ வளர்க்கிறார்.

"இது மட்டும் ஒழுங்கா முடியட்டும் பென்ரோஸ், அடுத்த மாசமே உனக்கு சைப்ரஸ்," என்று சொல்லியிருந்தார் கர்னல் ஹெக்டர் ஸ்ட்ரேன். சைப்ரஸ் என்றால் மூன்று வருடம் வெயில், ஆலிவ் மரம், வீட்டு வாசலில் கடல். பென்ரோஸின் மனைவி ஹெஸ்டர் அன்றைக்கே மழைக்கோட்டுகளையெல்லாம் தூக்கித் தர்மத்துக்காகப் பழசு விற்கும் கடையில் கொடுத்துவிட்டு, அகலமாக ஒரு வைக்கோல் தொப்பி வாங்கிவிட்டாள்.

தரைப்படைப் படகை ஓட்டுவதும் கர்னலேதான். அன்று காலை படகுத்துறையில் அவர் பென்ரோஸின் தோளில் கை வைத்து, "ரொம்ப மெனக்கெடாதே. எது எப்படிப் போகுதோ அப்படியே போகட்டும். கடற்படை ஜெயிச்சா எனக்கு ஒண்ணும் வருத்தமில்லை. காத்துகூட இன்னிக்கு மெதுவாத்தான் இருக்கும் போல," என்றார்.

என்ன ஒரு தன்னடக்கம் என்று பென்ரோஸ் உருகிப்போனார்.

எங்கள் படையில் சின்ன விஷயத்துக்குத்தான் கத்துவோம். பெரிய விஷயத்தை வானிலை பேசுகிற குரலில் சொல்வோம். அதைப் புரிந்துகொள்கிறவன் சீக்கிரம் மேஜராகிவிடுவான். பென்ரோஸ் வெகுகாலமாகக் கேப்டன்.

திரும்பி வரச் சொல்லும் கொடி ஏறியது. முந்திய இரண்டு படகுகளும் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

"திரும்பலைன்னா ரெண்டும் அவுட் சார்."

"ரெண்டு படை அவுட்டுன்னா என்ன போட்டி இது? நம்ம கர்னல் மட்டும் தனியா ஓடணும். ஊரே சிரிக்கும்."

"தனியா ஓடினாலும் நாம தோத்துடுவோம் சார்."

"வாயை மூடு டாட்ஸ். அந்த நீல ஓரம் போட்ட மஞ்சள் முக்கோணத்தை ஏத்து. தப்பு நடுவர் மேலன்னு அர்த்தம். எல்லாரும் மறுபடி முதல்லேர்ந்து வரட்டும்."

டாட்ஸ் கொடியைத் தலைகீழாக ஏற்றினாள். ஆனாலும் புரிந்தது. கடற்படையும் விமானப்படையும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள்போல முனகிக்கொண்டே திரும்பி வந்தன.

இரண்டாவது முறை துப்பாக்கி வெடித்தது. இந்தத் தடவை யாருமே கோட்டுப் பக்கம் வரவில்லை. கல்யாணப் பந்தியில் முதல் இலைக்கு உட்காரக் கூச்சப்படும் சம்பந்திகள்போல மூன்று படகுகளும் ஒன்றுக்கொன்று கை காட்டிக்கொண்டு நின்றன.

"நான்தான் பயமுறுத்திட்டேன்," என்று பென்ரோஸ் தலையில் அடித்துக்கொண்டு ரேடியோவை எடுத்தார். "எல்லாப் படகுக்கும் சொல்றேன். யாரையும் அவுட் பண்ண மாட்டேன். என் வாக்கு இது. தயவுசெஞ்சு கிளம்புங்க."

ரேடியோவில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். ஒருவழியாகப் படகுகள் நகர்ந்தன.

சற்று நேரத்தில் கடற்படைப் படகின் தலைவர் கமாண்டர் ஃபென்விக் ரேடியோவில் வந்தார். "மன்னிக்கணும் கேப்டன். நாங்க மிதவையை இடிச்சிட்டோம். மனசாட்சி உறுத்துது. போட்டியிலேர்ந்து விலகிக்கிறோம்."

பென்ரோஸ் தொலைநோக்கியில் பார்த்தார். "மிதவை இன்னும் அரை மைல் தள்ளி இருக்கே சார்?"

"அப்போ இடிக்கப் போறோம்னு வச்சுக்குங்களேன்."

"இடிச்சாலும் விலக வேண்டாம் சார்! தண்டனையா ஒரு சுத்து சுத்திட்டுப் போனா போதும். நேத்து முழுக்க விதிப்புத்தகம்தான் படிச்சேன்."

"படிச்சிருக்கீங்க," என்றார் ஃபென்விக், துக்கம் விசாரிக்கிற குரலில்.

கடற்படைப் படகு ஒரு சுற்று சுற்றியது. இன்னொரு சுற்று சுற்றியது. அப்புறம் நிறுத்தவே இல்லை.

"ஒண்ணு போதும் சார்!"

"இருக்கட்டும் கேப்டன். முன்ன பின்ன பண்ணின தப்புக்கெல்லாம் சேர்த்து சுத்திடறோம்."

அதற்குள் விமானப்படைப் படகு எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தது. கேட்டால், ஒருவர் தொப்பி தண்ணீரில் விழுந்துவிட்டதாம், அதைத் தேடுகிறார்களாம். தொப்பி அவர் தலையிலேயே இருப்பதை டாட்ஸ் பார்த்துச் சொன்னாள். அது வேறு தொப்பி என்று பதில் வந்தது.

பென்ரோஸுக்கு அழுகையே வந்துவிட்டது. மிதவைகளைத் தப்பான இடத்தில் போட்டுவிட்டோமோ? ஓட்டம் ரொம்ப நீளமோ? உடனே ஓட்டத்தைப் பாதியாக வெட்டினார். வெட்டியதும் காற்று அடியோடு நின்றது. சோலண்ட் நீரிணை கண்ணாடிபோலக் கிடந்தது. மூன்று படகுகளும் எல்லைக்கோட்டுக்குக் கொஞ்ச தூரத்தில் வரிசையாக நங்கூரம் போட்டன. கடற்படையும் விமானப்படையும் பழக்கப்பட்ட கையால் சட்டென்று போட்டுவிட்டன. எங்கள் கர்னல் நங்கூரத்தைத் தேடிக் கண்டுபிடித்துக் கயிற்றின் சிக்கை எடுப்பதற்குள் எல்லாரையும்விட முன்னால் மிதந்து வந்துவிட்டார்.

"சார், தண்ணி நம்ம பக்கமாத்தானே ஓடுது? சும்மா இருந்தாலே கோட்டுக்கு வந்துடுவாங்க. ஏன் நங்கூரம் போடறாங்க?"

"அதெல்லாம் கடலறிவு டாட்ஸ். நம்ம மாதிரி லாரிக்காரங்களுக்குப் புரியாது."

கடற்கரையில் கிளப் மாடி தெரிந்தது. ஜெனரல்கள், அவர்கள் மனைவிமார், வெள்ளைத் துணி விரித்த மேசைகள், ஆறிக்கொண்டிருக்கும் சால்மன் மீன். ஓரத்தில் ஹெஸ்டரின் வைக்கோல் தொப்பி. ஆறு மணிக்குள் ஒரு படகாவது கோட்டைத் தாண்டாவிட்டால் போட்டியே செல்லாது. வென்றவர் இல்லை, கோப்பை இல்லை, சைப்ரஸும் இல்லை. கொடுத்துவிட்ட மழைக்கோட்டுகளை மறுபடி காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கும்.

அப்போதுதான் பென்ரோஸுக்குள் இருந்த லாரிக்காரர் விழித்துக்கொண்டார்.

"டாட்ஸ், சரக்கு நம்ம வண்டிகிட்ட வரலைன்னா என்ன பண்ணுவோம்?"

"வண்டியை சரக்குகிட்ட கொண்டு போவோம் சார்."

"அதேதான். எல்லைக்கோட்டைப் படகுகிட்ட கொண்டு போவோம். அதுக்கும் விதியில ஒரு கொடி இருக்கு."

நடுவர் படகு, கோட்டின் மறுமுனையான எல்லை மிதவையையும் இழுத்துக்கொண்டு புறப்பட்டது. கோடு தன்னை நோக்கி வருவதைக் கண்டதும் கர்னல் எழுந்து நின்று இரண்டு கைகளையும் ஆட்டினார்.

"சந்தோஷம் தாங்கலை பாவம்," என்றார் பென்ரோஸ்.

"போ போன்னு விரட்டற மாதிரி இருக்கே சார்?"

"தனக்கு யாரும் சலுகை காட்டக் கூடாதுன்னு நினைக்கிறார். பெரிய மனசு."

கர்னல் படகின் வாலுக்குக் கை நீட்டினால் தொடும் தூரத்தில் பென்ரோஸ் கோட்டைப் போட்டு நிறுத்தினார். கர்னல் வெலவெலத்துப்போய்த் தன் ஆட்களிடம் ஏதோ கத்தினார். அவர்கள் நங்கூரக் கயிற்றைப் பிடித்துப் படகை முன்பக்கமாக, கோட்டைவிட்டு விலகும்படி, இழுத்தார்கள். தரைப்படையில் இழுக்கச் சொன்னால் நிறுத்தச் சொல்லும்வரை இழுப்போம். அவர்கள் இழுத்த இழுப்பில் நங்கூரமே சேற்றைவிட்டுக் கிளம்பி மேலே வந்துவிட்டது.

பிடிப்பு போன படகு பின்புறமாக மிதக்க ஆரம்பித்தது. கர்னல் கையில் கிடைத்த சூப் பாத்திரத்தைத் துடுப்பாக்கி எதிர்ப்பக்கம் துழாவினார். தண்ணீர் கேட்கவில்லை. தரைப்படையின் படகு, வாலை முன்னால் நீட்டிக்கொண்டு, கம்பீரமாக எல்லைக்கோட்டைக் கடந்தது.

துப்பாக்கி வெடித்தது.

கடற்படைப் படகில் அத்தனை பேரும் எழுந்து குதித்தார்கள். விமானப்படைக்காரர்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். தொப்பிகள் வானத்தில் பறந்தன, இந்தத் தடவை நிஜமாகவே.

"பாரு டாட்ஸ்," என்று பென்ரோஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எதிராளி ஜெயிச்சதுக்கு இவ்வளவு சந்தோஷமா! இதுதான் நிஜமான விளையாட்டுப் பெருந்தன்மைங்கிறது."

மாலையில் கிளப்பில் கோப்பை கொடுத்தார்கள். கர்னல் அதை, யாரோ கையில் திணித்துவிட்டுப் போன ஈரக் குழந்தையை வாங்குவதுபோல வாங்கினார். ஃபென்விக் எழுந்து நின்று கை தட்டினார். பென்ரோஸ் விறைப்பாக சல்யூட் அடித்தார்.

"வாழ்த்துகள் சார்!"

கர்னல் கோப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டார். "சைப்ரஸ்ல இப்போ நல்ல வெயிலாம், பென்ரோஸ்."

"ஆமா சார்!"

"யாராவது நல்லவங்க போய் அனுபவிக்கட்டும்," என்று சொல்லிவிட்டுக் கர்னல் கோப்பையோடு மது மேசைப் பக்கம் போய்விட்டார்.

ஹெஸ்டர் தொப்பியைச் சரிசெய்துகொண்டே ஓடி வந்தாள். "என்னங்க சொன்னார்?"

"வானிலை பத்திப் பேசினார்," என்றார் பென்ரோஸ். அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. "ஹெஸ்டர், நான் ஒரு தப்பும் பண்ணலையே. எல்லாம் விதிப்படிதானே பண்ணினேன்?"

அவள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

அப்போது கிளப் சமையற்கட்டைப் பார்த்துக்கொள்ளும் டோனா, காலித் தட்டுகளை அடுக்கிக்கொண்டே பக்கத்தில் வந்தாள்.

"அடுத்த வருஷமும் சால்மனே போட்டுடட்டுமா, கேப்டன் கண்ணு?" என்றாள். "ஜெயிச்ச படைதானே மறு வருஷம் போட்டியை நடத்தணும்? அதுக்குப் பயந்துதானே மூணு படகும் தோக்கறதுக்கு வருஷா வருஷம் இந்தப் பாடு படுது!"