மதிலுக்கு மேலே தெரிந்த மேஸ்திரி

எங்கள் தெரு ஏழுமலை மேஸ்திரிக்குப் புத்தி பிசகிவிட்டது என்று முதலில் சொன்னவன் நான். இரண்டாவதாகச் சொன்னவனும் நான்தான். முதல் தடவை சொன்னதை யாரும் சரியாகக் காதில் வாங்கவில்லை.

அது பொய் என்று இன்றைக்கு ஊருக்கே தெரியும். ஆனால் அன்றைக்கு அதை எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னேன் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அதைத்தான் இங்கே ஒப்புக்கொள்ள வந்திருக்கிறேன்.

நான் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். பாடம் புவியியல். சொந்த ஊர் பெருமுக்கல் பக்கம், மல்லாட்டை என்கிற வேர்க்கடலை விளையும் மண். மரக்காணத்தில் வேலை கிடைத்து, வீடும் கட்டி, இங்கேயே தங்கிவிட்டேன். 'கடல்நீரைப் பாத்திகளில் பாய்ச்சி, வெயிலில் ஆவியாக்கி உப்பு எடுக்கிறார்கள்' என்ற வாக்கியத்தை முப்பது வருஷம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். ஆனால் உப்பளத்தைப் பார்த்ததெல்லாம் பஸ் ஜன்னல் வழியாகத்தான். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். (நான் வைத்துக்கொள்ள மாட்டேன். காரணம் பின்னால் வருகிறது.)

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, மூடிக்கிடக்கும் போட்டோ ஸ்டுடியோ வாசலில் ஒரு சிமெண்ட் பெஞ்சு உண்டு. காலை ஆறரை முதல் எட்டு மணி வரை அது எங்கள் மூன்று பேருக்குச் சொந்தம். நான், ஓய்வுபெற்ற போஸ்ட்மேன் காதர் பாய், ஆயுசு முழுக்க உப்பளத்தில் வேலை பார்த்து மேஸ்திரியாக ஓய்ந்த ஏழுமலை. புதுச்சேரி பஸ் எத்தனை நிமிஷம் லேட், எந்த வீட்டு வாசலில் புது கேட், மெடிக்கல் கடையிலிருந்து யார் எவ்வளவு பெரிய கவரோடு வெளியே வருகிறார்கள் என்பதையெல்லாம் அங்கிருந்தே கவனித்துவிடுவோம். கவரின் பருமனைப் பார்த்தே வியாதியைச் சொல்லும் திறமை எனக்கு இருந்தது. "ஸ்கூல்ல பசங்கள கண்காணிச்ச கண்ணு, ரிட்டயர் ஆன பிறகு ஊரை மேயுது" என்பாள் என் மனைவி சரோஜா.

மேஸ்திரியின் வீடு எங்கள் வீட்டுக்கு அடுத்தது. இடையில் கழுத்தளவு மதில். மனைவி போன பிறகு அவர் தனியாகத்தான் இருந்தார். ஒரே மகள் செல்வி, தாம்பரத்தில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறாள். "அப்பா, இங்க வந்துடுங்க" என்று அவள் கூப்பிடுவதும், "மாடியில காலை எங்க வைக்கிறது?" என்று இவர் மறுப்பதும் வருஷக்கணக்காக நடந்துகொண்டிருந்தது.

மாசி மாசத்தில் ஒரு நாள் காலை, செம்பருத்தி பறிக்க மதிலோரம் போனேன். மதிலுக்கு மேலே மேஸ்திரியின் தலை மட்டும் தெரிந்தது. அது மேலே ஏறியது, கீழே இறங்கியது. கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்து மறுபடி ஏறி இறங்கியது. வாய் எதையோ முணுமுணுத்தது. இப்படியே அந்தக் கோடி வரை போய், திரும்பி இந்தக் கோடிக்கு வந்தது. நான் பதினைந்து நிமிஷம் பார்த்தேன். செம்பருத்தியை மறந்துவிட்டேன்.

மறுநாளும் தலை ஆடியது. அதற்கு மறுநாளும். பத்து நாளில் ஆட்டம் நின்றது. அதற்குப் பதிலாக, வெயில் கொளுத்தும் மத்தியானத்தில் வந்து குனிவார். ஆள் மறைந்துபோவார். பிறகு எழுந்து விரலை நக்கி, கண்ணை மூடி யோசித்து, தலையாட்டிச் சிரிப்பார். ஒரு நாள் வானத்தில் கைக்குட்டை அளவு மேகம் ஒன்று வந்தது. அதைப் பார்த்து, "போயிடு, மரியாதையா அப்படியே போயிடு" என்று மிரட்டினார்.

பெஞ்சிலும் ஆள் சரியில்லை. பேச்சு நடுவே என் முகத்தையே பார்ப்பார். தானாகச் சிரிப்பார். ஒரு நாள் கேட்டார்:

"சார், மீசைக்கு என்னா எண்ணெய் போடறீங்க?"

"ஏன் மேஸ்திரி?"

"சும்மாதான். நல்லா வளந்திருக்குது. இருக்கிற வரைக்கும் அனுபவிச்சிக்குங்க."

இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? அவர் அந்தப் பக்கம் போனதும் காதர் பாயிடம் சொன்னேன்.

"பாய், மேஸ்திரிக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. தனியாப் பேசறாரு. நின்ன இடத்துல ஆடறாரு."

காதர் பாய் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு இருமல் வருகிற அளவுக்குச் சிரித்தார். "ஆமாமா சார், முத்திடுச்சு. கண்ணு பூரா உங்க மீசை மேலதான்!" என்றார். பாவம், துக்கத்தை மறைக்கச் சிரிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து சரோஜாவிடமும் சொன்னேன்.

"அவர் வீட்டுல அவர் ஆடினா உங்களுக்கு என்னாங்க? வேணும்னா நீங்களும் நம்ம பக்கம் நின்னு ஆடுங்க. உடம்புக்கு நல்லது."

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. செல்வி என்னிடம் படித்தவள். தலைமை ஆசிரியர் என்ற பொறுப்புணர்ச்சி பொங்கிவிட்டது. (பொறுப்புணர்ச்சி என்று அப்போது நினைத்தேன். சொல்வதற்குப் பெரிதாக ஒரு விஷயம் கிடைத்த ஆனந்தம்தான் அது.) போன் போட்டேன்.

"செல்வி, பயப்படாதம்மா. அப்பா கொஞ்சம் ஒரு மாதிரி இருக்காரு. பயப்படாத. மறதின்னு நினைக்கிறேன். பயப்பட ஒண்ணும் இல்ல."

ஒரு தடவை சொல்லியிருந்தாலே போதும் பயப்பட. நான் மூன்று தடவை சொன்னேன்.

"சார், நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

அடுத்த காலை ஏழு மணிக்கே காரை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டாள். நான் வாசலிலேயே மடக்கி, புலனாய்வு அதிகாரி மாதிரி எல்லாவற்றையும் விவரித்தேன். "அவர்கிட்ட எதுவும் கேக்காத, கோபம் வரும். பின்பக்கம் மட்டும் போயிடாத, அவர் ஆடற இடத்தைப் பார்த்தா நீ அழுதுடுவே" என்றும் எச்சரித்தேன். பின்பக்கம் போயிருந்தால், உப்பள மேஸ்திரியின் மகள் ஒரே பார்வையில் புரிந்துகொண்டிருப்பாள். அந்த ஒரு வழியையும் அடைத்த புண்ணியவான் நான்.

"சும்மா ஒரு செக்-அப் அப்பா" என்று சொல்லி அவரைக் கிளப்பினாள். ஆனால் அவருடைய வேட்டி, சட்டைகளை ஒரு பையில் திணித்து டிக்கியில் வைப்பதை மேஸ்திரி பார்த்துவிட்டார். வீட்டைப் பூட்டினார். பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்தார். டாக்டர் இருந்தது புதுச்சேரியில். சாட்சி சொல்ல நானும் பின் சீட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அனுமந்தை தாண்டும்வரை அவர் சாவியை உள்ளங்கையில் வைத்து மூடியபடியே இருந்தார். பிறகு என் காதருகே குனிந்தார்.

"சார், என்னை அப்படியே தாம்பரம் இட்டுக்கினு போயிடும் போல இருக்குது. நம்ம விஷயம் இன்னும் அஞ்சாறு நாள்ல முடிஞ்சிடும். மழை வந்தா மட்டும் அந்தத் தார்ப்பாயை எடுத்து மேல போட்டுடுங்க. செல்விக்குத் தெரிய வேணாம், முட்டிவலிய வச்சிக்கினு என்னா வேலைன்னு திட்டும்."

நம்ம விஷயமா? எந்த விஷயம்? எனக்கு ஒன்றும் புரியவில்லை. கார்க் கண்ணாடியில் செல்வியின் கண்களைப் பார்த்து, 'பார்த்தாயா?' என்பதுபோலப் புருவத்தை உயர்த்தினேன்.

அந்தப் புருவத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்குவதில்லை. வீட்டை விட்டுப் போகிற ஒரு மனிதர் நம்பிக்கையோடு ஓர் உதவி கேட்டார். நான் அதையும் வியாதிக் கணக்கில் சேர்த்தேன்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். மேஸ்திரியிடம் மூன்று வார்த்தைகளைச் சொல்லி, "ஞாபகம் வச்சிக்குங்க, அப்புறம் கேப்பேன்" என்றார். கிழமை கேட்டார், மாசம் கேட்டார். மேஸ்திரி சரியாகச் சொன்னார். "நூறுலேர்ந்து ஏழு ஏழா கழிச்சிக்கிட்டே வாங்க."

"தொண்ணூத்தி மூணு. எண்பத்தி ஆறு. எழுபத்தி ஒன்பது..."

"எழுபத்தெட்டு" என்று திருத்தினேன். ஆசிரியர் புத்தி.

"ஒன்பது சார்" என்றார் மேஸ்திரி, மெதுவாக, எனக்கு வலிக்காமல். அப்படியே அறுபத்தைந்து வரை இறங்கிவந்தார்.

டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "சரி, வீட்டுக்குப் பின்னாடி ஆடறீங்களாமே?"

மேஸ்திரி மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இனி மறைத்துப் பயனில்லை என்று தெரிந்திருக்க வேண்டும்.

"ஆடலம்மா. பாத்தி மிதிச்சேன். உப்புப் பாத்தி போடணும்னா முதல்ல தரையை மிதிக்கணும். அடி அடியா, ஒரு இடம் விடாம, கணக்குப் பண்ணி மிதிக்கணும். அப்பதான் தரை சிமெண்டு மாதிரி இறுகும், தண்ணி உள்ள போகாது. அதுல எங்க போர் தண்ணிய விட்டு வச்சிருக்கிறேன். தண்ணி எந்த அளவுக்கு உப்பேறியிருக்குதுன்னு தெனம் நாக்குல வச்சிப் பாப்பேன்."

செல்வி நெற்றியில் அடித்துக்கொண்டாள். "மிதிச்சீங்களா? ஐயோ அப்பா, இதை ஏன் சொல்லல?" என்றவள் என் பக்கம் திரும்பினாள். "சார், மிதிக்கிறதையா ஆடறதுன்னு சொன்னீங்க?"

முப்பது வருஷம் நான் எழுதிய வாக்கியத்தில் கால்கள் இல்லை. மதிலுக்கு மேலும் கால்கள் தெரியவில்லை. இதை எப்படிச் சொல்வது?

"வீட்டுக்குப் பின்னாடி எதுக்கு உப்பு?" என்றார் டாக்டர்.

"பந்தயம்மா. பொங்கல் கழிஞ்சி ஒரு நாள், எங்க போர் தண்ணி வாயில வைக்க முடியலன்னு சொன்னேன். அதுக்கு இவரு, 'அவ்ளோ உப்பா இருந்தா அதுல உப்பு எடுத்துக் காட்டுய்யா. எடுத்துட்டா என் மீசைய எடுத்துடறேன்'னாரு. காதர் பாய் சாட்சி."

"யாரு, நானா?" என்றேன்.

"நீங்கதான் சார். தொடையில தட்டிச் சொன்னீங்க."

எனக்குச் சுத்தமாக ஞாபகம் இல்லை. டாக்டரின் சுழல் நாற்காலி, மேஸ்திரியை விட்டு மெல்ல என் பக்கம் திரும்பியது.

"மேஸ்திரி ஐயா, அந்த மூணு வார்த்தை?"

"பூட்டு, வாழைப்பழம், குடை."

"சார், நீங்க?"

"பூட்டு..." என்றேன். "சாவி. அப்புறம் வாழைப்பழம்."

"உங்களுக்கு வீட்டுல கூட யாரு சார் இருக்காங்க?" என்றார் டாக்டர், மிகுந்த கனிவோடு.

திரும்பி வரும் வழியில் செல்விக்கு அடிக்கடி தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பார்த்தேன். இல்லை.

வீட்டுக்கு வந்ததும் எல்லாரும் பின்பக்கம் போனோம். இரண்டு கட்டில் அகலத்தில் ஒரு பாத்தி. ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. செல்வி குனிந்து தொட்டு நாக்கில் வைத்தாள். அப்பா மாதிரியே கண்ணை மூடினாள், தலையாட்டினாள்.

"முட்டி என்னா ஆவறது?"

"முட்டி அது பாட்டுக்கு இருக்குது."

செல்வி போய் டிக்கியைத் திறந்து பையை எடுத்து வந்து உள்ளே வைத்தாள். அப்போதுதான் மேஸ்திரி சாவியை ஆணியில் மாட்டினார்.

"இங்கயே இருங்கப்பா. ஆனா தெனம் உங்களைப் பத்தி எனக்கு ஒருத்தர் சொல்லணும். காதர் மாமா சொல்லட்டும்." என்னைப் பார்த்து, "சார், தப்பா நினைக்காதீங்க" என்றாள். நினைப்பதற்கு என்ன இருக்கிறது? முப்பது வருஷ சர்வீஸில் எனக்குக் கிடைக்காத டிஸ்மிஸ் ஆர்டர் அன்றைக்குக் கிடைத்தது.

காதர் பாயிடம் போய்ச் சண்டை போட்டேன். "தெரிஞ்சும் ஏன் பாய் சொல்லல?"

"நீங்க தெரியாத மாதிரி நடிக்கிறீங்கன்னு நினைச்சேன் சார். மீசைய காப்பாத்திக்க."

ஆறாம் நாள் மேஸ்திரி ஒரு தட்டில் உப்போடு பெஞ்சுக்கு வந்தார். "சும்மா தமாஷுக்குத்தான் சார். மீசை இருக்கட்டும்" என்றார். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. ஆயுசு முழுக்க மற்றவர்களைச் சொல்லவைத்த வார்த்தை அது. எழுந்து நேராக சலூனுக்குப் போனேன். வழித்துவிட்டு வந்து அவர் முன்னால் உட்கார்ந்தேன். அவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இப்பத்தான் சார் மூஞ்சியில கொஞ்சம் காத்து படுது" என்றார். மன்னித்துவிட்டார் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நான் மீசை வைக்கவில்லை. அந்த உப்பு ஒரு ஜாம் பாட்டிலில் எங்கள் வீட்டில் இருக்கிறது. லேசாகக் கசக்கும். சரோஜா அதைச் சமையலில் சேர்ப்பதில்லை. யாரைப் பற்றியாவது நான், "ஆளு ஒரு மாதிரி இருக்கான்" என்று ஆரம்பித்தால் போதும், பேசாமல் பாட்டிலை எடுத்து என் முன்னால் வைத்துவிடுவாள்.

போன மாசம் எங்கள் வீட்டு விசேஷத்துக்கு மேஸ்திரியும் வந்திருந்தார். பந்தியில் என் பக்கத்து இலை. என் பேத்தி உப்பு வைத்துக்கொண்டே வந்தாள். என் இலைக்கு வந்ததும் நின்றாள்.

"தாத்தா, உங்களுக்குச் சாதா உப்பா, மீசை உப்பா?"

பந்தியே சிரித்தது. நான் மீசை உப்பு என்றேன். அவள் ஓரத்தில் ஒரு சிட்டிகை வைத்தாள்.

"இன்னொரு தடவை வையி பாப்பா" என்றார் மேஸ்திரி. "முதல்ல வச்சது சாருக்கு ஞாபகம் இருக்காது."